தயாபரனுக்கு ஓர் அரைப்பேர்

உலகெங்கும் பரந்து வாழும் தமிழ் பேசும் மக்களுக்கும், குறிப்பாக ஊவா மாகாணத்தின் சகல வீதிப் பாவனையாளர்களுக்கும் இத்தால் அறியத்தருவது யாதெனில்: பண்டாரவளையைச் சேர்ந்த திரு. தயாபரன் அவர்கள் நெடுந்தூரச் சைக்கிள் பயணத்தில் இறங்கி ஓராண்டு பூர்த்தியாகிவிட்டது.

இந்த அறிவித்தலைத் தயாபரனே எழுதினார். தன் முகநூல் பக்கத்தில் தயாபரனே வெளியிட்டார். முதலில் விருப்பம் தெரிவித்தவரும் அவரே. அறிவித்தலில் உள்ள 'இறங்கி' என்ற சொல்லை யாரும் அப்போது கூர்ந்து கவனிக்கவில்லை. உண்மையைச் சொன்னால், அந்த அறிவித்தலிலேயே மிகச் சரியான சொல் அதுதான்.

தயாபரன் ஒரு காப்புறுதிக் கம்பனியின் பண்டாரவளைக் கிளையில் உதவி முகாமையாளர். வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது. சென்ற வருடம் இரத்தத்தில் சீனி கூடியிருக்கிறது என்று சொன்ன டொக்டர், தினமும் கொஞ்ச நேரம் நடக்கும்படி சொல்லியிருந்தார். நடப்பதை எல்லோரும் செய்கிறார்கள். எல்லோரும் செய்வதைத் தானும் செய்தால் தன்னை யார் திரும்பிப் பார்ப்பார்கள் என்று தயாபரன் யோசித்தார். கொழும்பிலிருந்து சைக்கிள் வந்தது. ஒரு விரலால் தூக்கக்கூடிய சைக்கிள் என்று கடைக்காரர் சொல்லியிருந்தார். பண்டாரவளையில் அதைத் தூக்க இரண்டு பேர் தேவைப்பட்டார்கள். ஒருவர் தூக்க, மற்றவர் படம் எடுக்க.

சைக்கிளோடு உடுப்பும் வந்தது. அதைக் கையில் எடுத்துப் பார்த்த அவருடைய மனைவி ஜீவராணி கேட்டார்.

"என்னங்க, இது உள்ளுக்குப் போடுறதா, வெளிய போடுறதா?"

"இது சைக்கிள் ஓடுறவங்க போடுறது. காத்த வெட்டிக்கிட்டுப் போகும்."

"சரி. இதுக்கு மேல என்ன போடுவீங்க?"

"மேல ஒண்ணும் போடக்கூடாது."

ஜீவராணி அதை மடித்து வைத்துவிட்டுச் சொன்னார்: "அப்ப சந்தைப் பக்கம் மட்டும் போகாதீங்க. நான் அங்கதான் மரக்கறி வாங்குறேன்."

ஊவாவின் வீதிகளைப் பற்றி வெளியூர்க்காரர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். இங்கே சமதரை என்று ஒன்று கிடையாது. ஒன்றில் ஏறுவீர்கள், அல்லது இறங்குவீர்கள். இந்த இரண்டில் ஒன்றைத் தெரிவு செய்யும் சுதந்திரம் மனிதனுக்கு உண்டு என்பதைத் தயாபரன் முதல் வாரத்திலேயே கண்டுபிடித்தார். பண்டாரவளையிலிருந்து பதுளைக்கு இறங்கினார். திரும்பி வரும்போது ரயிலில் வந்தார். எல்ல நகரம் வழியாக வெல்லவாயவுக்கு இறங்கினார். திரும்பி வரும்போது ஸலீமின் லொறியில் வந்தார். ஸலீம் பண்டாரவளைச் சந்தையிலிருந்து கோவாவும் லீக்ஸுமாக மரக்கறி ஏற்றிக்கொண்டு விடியற்காலையில் வெல்லவாயவுக்குப் போகிறவர். திரும்பும்போது லொறி வெறுமையாக இருக்கும். இரண்டு மாதத்தில் தயாபரன் இதை இன்னும் செம்மைப்படுத்தினார். போகும்போதும் ஹப்புத்தளை வழியில் ஏற்றம் முடியும்வரை லொறியிலேயே போய், கோவா மூட்டைகளுக்கு நடுவில் உட்கார்ந்து, உச்சியில் இறங்கிக்கொண்டார். ஒரு வருடத்தில் அவர் இறங்கிய உயரத்தையெல்லாம் கூட்டிப் பார்த்தால், இந்நேரம் அவர் இந்து சமுத்திரத்தின் அடியில் இருந்திருக்க வேண்டும்.

இதில் அவர் பொய் சொன்னார் என்று சொல்ல முடியாது. அவருடைய போன்தான் பொய் சொன்னது. பயணத்தை அளக்கும் ஒரு செயலி அதில் இருந்தது. ஸலீமின் லொறி ஏற்றத்தில் ஒரு நல்ல சைக்கிள்காரரின் வேகத்தில்தான் ஊரும். செயலி ஏமாந்தது. வாரம் தவறாமல் அது தயாபரனை 'மலையரசன்' என்று வாழ்த்தியது. வாழ்த்தை மறுப்பது பண்பாடல்ல என்பதால் தயாபரன் அதை அப்படியே முகநூலில் போட்டார். மேலே ஒரு வரியும் சேர்த்தார்: 'மலை அழைத்தது. நான் சென்றேன்.'

"மலை கூப்பிட்டிச்சா சேர்?" என்று ஸலீம் ஒருநாள் கேட்டார். "விடியக்காத்தால நீங்கதானே எனக்குக் கோல் எடுத்து, லொறிய நிப்பாட்டச் சொன்னீங்க."

"அது ஒரு கவிதை ஸலீம்."

"சரி சேர். கோவா மேல சாயாதீங்க, நசுங்கிப் போகும்."

இந்த மிதிப்புக்கெல்லாம் பின்னால் இருந்தது சீனி வியாதி மட்டுமல்ல. தயாபரனுக்கு வாழ்க்கையில் ஒன்று வேண்டியிருந்தது. கல்லில் ஒரு பேர். அவரோடு படித்தவனின் பேர் பாடசாலை வாசிகசாலைக் கதவுக்கு மேலே இருக்கிறது. மச்சானின் பேர் தோட்டத்துத் தண்ணீர்த் தாங்கியில் இருக்கிறது. தாங்கியில் தண்ணீர் இல்லை, ஆனால் பேர் இருக்கிறது. தன் பேர் மட்டும் காப்புறுதிக் கம்பனியின் கதவில், பிளாஸ்டிக்கில், மாற்றம் வந்தால் கழற்றக்கூடிய விதத்தில் இருந்தது அவரை உறுத்திக்கொண்டே இருந்தது.

அவர் பிறந்தது கொஸ்லந்தவுக்கு மேலே, வெள்ளைப்பாறைத் தேயிலைத் தோட்டத்தின் லயத்து வீடொன்றில். தோட்டத்துப் பாதை பெரிய ரோட்டில் சேரும் சந்தியில், தோட்டத்து இளைஞர்களின் வளர்பிறை விளையாட்டுக் கழகம் சிரமதானமாக ஒரு பஸ் தரிப்பிடம் கட்டிக்கொண்டிருந்தது. கழகத் தலைவர் சுரேஸ் எதைச் சொன்னாலும் 'வரலாற்று முக்கியத்துவம் வாய்ந்த' என்று சேர்த்துச் சொல்பவர். தேநீர் இடைவேளையைக்கூட அப்படித்தான் அறிவிப்பார். அவர் தயாபரனின் முகநூலை ஒரு வருடமாக வாசித்து வந்தவர். தோட்டத்து மண்ணில் பிறந்து மலைகளை வென்ற மனிதனின் பேரைத் தரிப்பிடத்துக்கு வைக்க வேண்டும் என்று அவரே தீர்மானம் கொண்டுவந்தார். 'தயாபரன் பஸ் தரிப்பிடம்.' கருங்கல்லில். நடுவில்.

கல் வெட்டுவதற்குப் பண்டாரவளையில் ஜூட் இருக்கிறார். டவுனிலேயே பிறந்து வளர்ந்தவர். கல்லறைக் கற்களுக்கு எழுத்து வெட்டுவது அவருடைய பிரதான தொழில். தயாபரன் அவரிடம் தன் பேருக்கு முன்னால் போட வேண்டிய பட்டங்களை எழுதிக் கொடுத்தபோது, ஜூட் அதை நிதானமாக வாசித்தார்.

"சேர், இவ்வளவுக்குக் கல்லு காணாது. மலைதான் வேணும்."

பட்டங்கள் போயின. பேர் மட்டும் நின்றது.

திறப்பு விழாவுக்கு ஒரு வாரத்துக்கு முன், தோட்டத்தில் தயாபரனுக்குப் பாராட்டுக் கூட்டம் நடந்தது. பெற்றோர் வேலைக்குப் போகும்போது குழந்தைகளை விட்டுப்போகும் பிள்ளைமடுவம்தான் மண்டபம். ஆகவே சபையோர் அனைவரும் குழந்தைகளின் குட்டி நாற்காலிகளில், முழங்காலை நாடிவரை மடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். முன்வரிசையில் மாதர் சங்கத் தலைவி கருப்பம்மா. ஒலிவாங்கி எங்கே இருந்தாலும் அது கடைசியில் தன் கைக்குத்தான் வர வேண்டும் என்பது கருப்பம்மாவின் நம்பிக்கை. தயாபரன் பேசப் பேச அவருடைய கண் தயாபரனில் இல்லை, ஒலிவாங்கியில் இருந்தது.

"இந்த ஓராண்டைத் திரும்பிப் பார்க்கிறேன்" என்றார் தயாபரன். "சைக்கிள் எனக்குத் தத்துவம் கற்பித்தது. பாதை ஒரு பழைய நண்பன். அதன் ஒவ்வொரு வளைவும் என்னை அறியும். ஏற்றம் என்பது காலில் இல்லை, மனதில் இருக்கிறது."

சுரேஸ் கைதட்டினார். எல்லோரும் தட்டினார்கள். அந்த நேரத்தில் வெளியே ஒரு லொறியின் ஹோர்ன் கேட்டது. வாசலில் ஸலீமின் தலை தெரிந்தது.

"மன்னிக்கணும் சேர். சைக்கிள ஏத்திட்டேன். மழை வரப் பாக்குது, ஏறுங்க."

கருப்பம்மா திரும்பிப் பார்த்தார்.

"எதுல ஏறச் சொல்றாரு?"

"லொறியிலதான்" என்றார் ஸலீம், உதவி செய்யும் நோக்கத்தோடு. "எப்பவும் லொறிதானே. எறக்கம் சைக்கிள்ல, ஏத்தம் லொறியில."

"ஒரு வருசமாவா?"

"பின்ன? சைக்கிள் தானா மேல போகுமா?"

பின்வரிசையில் ஒருவர் சிரித்ததில் குட்டி நாற்காலி கவிழ்ந்தது. தயாபரன் ஒலிவாங்கியை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

"இறங்குவது இலேசான காரியம் அல்ல. வளைவுகளில் பிரேக் பிடிப்பதற்குத் தனித் திறமை வேண்டும். உலகத்தின் பெரிய வீரர்களெல்லாம்..."

"தம்பி" என்று கருப்பம்மா எழுந்தார். எழுந்த வேகத்தில் ஒலிவாங்கி கைமாறியது. "நாங்க மலைக்கு ஏறிப்போயி, கொழுந்தெடுத்து, எறங்கி வந்து நெறுவையில போடுறோம். மேல போகாம, ரோட்டோரத்துல ரெண்டு கொழுந்த கிள்ளிக்கிட்டு வந்தா, தொரை என்ன பேரு போடுவாரு?"

"அரைப்பேரு" என்றது சபை ஒரே குரலில்.

தோட்டத்தில் ஒரு நாள் கூலிக்குப் பேர் 'பேர்'. காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குப் போய் நின்று, கங்காணி காட்டிய மலையில் சொன்ன அளவு கொழுந்தைப் பறித்துக் கொடுத்தால் முழுப்பேர். குறைந்தால் அரைப்பேர். அந்தச் சனங்கள் நாலு தலைமுறையாக இந்த ஒரு சொல்லால் வாழ்ந்தும் சண்டை பிடித்தும் வருகிறவர்கள். அதற்கு மேல் அவர்களுக்கு விளக்கம் தேவைப்படவில்லை.

"பாதி வேலைக்கு அரைப்பேருதான்" என்று கருப்பம்மா தீர்ப்புச் சொன்னார். "முழுப்பேரு வேணும்னா, தெறப்பு விழாவுக்கு வெல்லவாயவுல இருந்து மிதிச்சு ஏறி வரட்டும். மிதிக்கணும். தள்ளுறதும் இல்ல, லொறியும் இல்ல."

"வரலாற்று முக்கியத்துவம் வாய்ந்த தீர்மானம்" என்றார் சுரேஸ்.

எல்லோரும் தயாபரனைப் பார்த்தார்கள். கருப்பம்மா ஒலிவாங்கியை அவருடைய வாய்க்கு முன் நீட்டினார். ஒலிவாங்கிக்கு முன்னால் 'முடியாது' என்று சொல்லித் தயாபரனுக்குப் பழக்கமில்லை.

"வருகிறேன்" என்றார்.

அந்த வாரம் அவர் முகநூலில் எதுவும் எழுதவில்லை. சோற்றைக் குறைத்தார், பிறகு பயத்தில் கூட்டினார். திறப்பு விழாவுக்கு முந்தின நாள் ஜீவராணி முழங்காலுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டே ஒரு யோசனை சொன்னார்.

"சந்திக்கு முன்னால ஒரு பெரிய வளைவு இருக்குல்ல. அதுவரைக்கும் லொறியில வாங்க. வளைவுல எறங்கி மிதிங்க. யாரு பாக்கப்போறா?"

யோசனை நல்ல யோசனை. ஒரு வருடமாக அவர் செய்ததும் அதைத்தான்.

"கல்லுல பேரு வரப்போகுது ஜீவா. கல்ல பாக்கிற நேரமெல்லாம் அந்த வளைவு ஞாபகம் வரும்."

ஜீவராணி தேய்ப்பதை நிறுத்தி, கணவரை ஒரு தடவை பார்த்தார். பிறகு மற்ற முழங்காலுக்குப் போனார். அந்த முழங்காலுக்குத் தைலம் கொஞ்சம் கூடுதலாகக் கிடைத்தது.

மறுநாள் காலை வெல்லவாயவில் ஸலீம் சைக்கிளை இறக்கிக் கொடுத்தார். தயாபரன் மிதித்தார்.

முதல் வளைவிலேயே ஒரு விடயம் தெளிவாயிற்று. ஏற்றம் மனதில் இல்லை, காலில்தான் இருக்கிறது. இறங்கும்போது அவரைத் துரத்தித் துரத்திக் குரைத்த நாய்கள் இன்று படுத்தபடி ஒரு கண்ணைத் திறந்து பார்த்துவிட்டு மூடிக்கொண்டன. தியலும நீர்வீழ்ச்சிக்குப் பக்கத்தில் வெள்ளைக்காரச் சோடி ஒன்று கமராவைத் தூக்கியது. தயாபரன் நிமிர்ந்து, சிரித்து, ஒரு கையையும் ஆட்டினார். கொஞ்சம் விலகிப் போகும்படி அவர்கள் சைகை காட்டினார்கள். நீர்வீழ்ச்சி மறைந்ததாம். அதற்கு மேலே, காஸ் சிலிண்டரைத் தோளில் வைத்துக்கொண்டு நடந்துபோன ஒருவர் அவரை முந்திச் சென்றார். முந்தியவர் திரும்பி நின்று அன்போடு விசாரித்தார்.

"சைக்கிள் பழுதுங்களா?"

"இல்ல. ஓடிக்கிட்டுத்தான் இருக்கேன்."

"ஆ, சரிங்க" என்றார் அவர். நம்பியதாகத் தெரியவில்லை.

மூச்சு வாங்கியபடி தயாபரன் பாதையைப் பார்த்தார். பழைய நண்பன் என்று மேடையில் சொன்ன பாதை. நண்பனின் முகத்தை இன்றுதான் பார்க்கிறார். ஒரு வருடமாக இந்த வழியில் அவர் கண்டது தன் முன்சில்லையும் இரண்டு பிரேக்கையும் மட்டுமே. ரோட்டோரத்தில் ஒரு சின்னப் பிள்ளையார் இருந்தார். பழைய தேங்காய்ச் சிரட்டைகள் நிறையக் கிடந்தன, இறங்கும் வாகனக்காரர்கள் உடைத்தவையாக இருக்கும். இத்தனை தடவை இறங்கியும் இப்படி ஒரு கோயில் இருப்பதே தெரியாமல், ஒரு சிதறுதேங்காய்கூட உடைக்காமல் உயிரோடு இருந்திருக்கிறோமே என்று அவருக்குத் திக்கென்றது. மிதித்தபடியே தலையில் குட்டிக்கொண்டார். ஹெல்மெட்டில் பட்டது.

கொஸ்லந்தவைத் தாண்டியதும் கால்கள் தனித்தனியாக முடிவெடுக்கத் தொடங்கின. அப்போது பின்னால் பழக்கமான இரைச்சல் கேட்டது. வெறும் லொறியோடு ஸலீம் பக்கத்தில் வந்து, சைக்கிளின் வேகத்துக்கு ஊர்ந்தார்.

"சேர், முகம் கறுத்துப் போச்சு. ஏறுங்க. ஒரு வளைவு மட்டும்."

"வேணாம்."

"நான் ஒருத்தருக்கும் சொல்லமாட்டேன்."

"போன கிழமை சொன்னியே."

"அது கேட்டாங்க, சொன்னேன். கேக்காட்டி சொல்வேனா?"

தயாபரனுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்தால் மூச்சுப் போய்விடும். பக்கத்தில், கைக்கு எட்டும் தூரத்தில், லொறியின் பின்பலகை திறந்து கிடந்தது. கோவா வாசனை வந்தது. ஒரு வருடமாக அவர் சாய்ந்திருந்த மூலை காலியாக இருந்தது. அவர் அதைப் பார்த்தார். பிறகு முன்சில்லைப் பார்த்தார்.

"ஸலீம், நீ முன்னால போ. புகை அடிக்குது."

லொறி போய்விட்டது. தயாபரன் மிதித்தார். ஜீவராணி சொன்ன பெரிய வளைவு வந்தது. அங்கே உண்மையில் யாருமே இல்லை. ஒரு மாடு இருந்தது. அதன் முன்னிலையில் அவர் இறங்காமல், தள்ளாமல், சைக்கிள் பாம்பு மாதிரி நெளிய நெளிய வளைவைக் கடந்தார். இதைவிடப் பெரிய சாட்சி அவருக்குத் தேவைப்படவில்லை.

சந்தியில் சனம் நின்றது. முதலில் பார்த்தவர் கருப்பம்மா. கையில் ஒலிவாங்கி ஏற்கெனவே இருந்தது.

"வந்துட்டாரு. மிதிச்சுத்தான் வாராரு" என்று ஒலிபெருக்கியில் தோட்டம் முழுவதற்கும் அறிவித்தார். "ஒத்துக்கிறேன். இன்னைக்கு இவருக்கு முழுப்பேரு."

தயாபரன் சைக்கிளிலிருந்து இறங்கினார், அல்லது விழுந்தார். இரண்டுக்கும் நடுவில் ஒரு சொல் தமிழில் இல்லை. இரண்டு பேர் தாங்கிப் பிடிக்க, சுரேஸ் மாலை போட்டார். பண்டாரவளையிலிருந்து பஸ்ஸில் வந்திருந்த ஜீவராணி, சேலைத் தலைப்பால் கணவரின் முகத்தைத் துடைத்தார். ஊருக்கு முன்னால் அவர் அப்படிச் செய்தது அதுதான் முதல் தடவை. தயாபரனின் கையில் நூலைக் கொடுத்தார்கள். அவர் இழுத்தார். கல்லை மூடியிருந்த மஞ்சள் துணி விழுந்தது.

'தயா பஸ் தரிப்பிடம்' என்று இருந்தது. கீழே அதுவே சிங்களத்திலும்.

எழுத்து மிக அழகாக இருந்தது. எதிர்ப்பக்கத்துத் தேத்தண்ணிக் கடை முதலாளி மட்டும், தன் தம்பியின் பேரும் தயாதான் என்று சிங்களத்தில் சந்தோஷப்பட்டார்.

"ஜூட்" என்றார் தயாபரன். "மிச்சம் எங்க?"

ஓரமாக நின்ற ஜூட், சுரேஸைக் கைகாட்டினார்.

"இவருக்குப் போன் எடுத்து, பேர எப்படி வெட்டுறதுன்னு கேட்டேன். கூட்டத்துல அரைப்பேருன்னு முடிவாயிருச்சு, இப்போதைக்கு அரைப்பேருதான்னு சொல்லிச் சிரிச்சாரு. லைன் கட்டாயிருச்சு."

"அது பகிடி" என்றார் சுரேஸ், முதல் தடவையாக வரலாறு இல்லாமல்.

"கல்லு வெட்டுறவன்கிட்ட என்ன பகிடி? அரைப்பேருன்னா பாதிப் பேருதானே. எவ்வளவு கஷ்டப்பட்டேன் தெரியுமா? சேர் பேருல அஞ்சு எழுத்து. பாதின்னா ரெண்டரை. அரை எழுத்த நான் எப்படி வெட்டுறது? ஒரு ராத்திரி முழுக்க யோசிச்சு, ரெண்டோட நிப்பாட்டினேன். பின்பாதியப் போட்டிருந்தா 'பரன்'னு வந்திருக்கும், பஸ் ஹோல்ட்ட கோயில்னு நெனச்சுக் கும்பிடுவாங்க."

"பக்கத்துல சேத்து வெட்ட முடியாதா?" என்று ஜீவராணி கேட்டார்.

"நடுவுலதானே வேணும்னு சொன்னாரு. நடுவுல வச்சிட்டேன். இனிச் சேத்தா ஒரு பக்கம் சாஞ்ச மாதிரி இருக்கும். வேணும்னா 'பரன்'னு இன்னொரு கல்லு போடலாம்."

"உள்ள ஒரு ஹோல்ட்டுக்கு ரெண்டு கல்லா?" என்றார் கருப்பம்மா ஒலிபெருக்கியில். "போறவன் வாறவன் ரெண்டு ஆளுன்னு நெனப்பான்."

தயாபரன் தரிப்பிடத்தின் புது வாங்கில் உட்கார்ந்தார். அதை முதலில் பயன்படுத்திய பொதுமகன் என்ற பெருமை அவருக்கே உரியது. கல்லை நீண்ட நேரம் பார்த்தார். கோபம் வரவில்லை. கோபப்படும் அளவுக்குக் காற்று நெஞ்சில் மிச்சமில்லை.

"ஏறுனது ஏறுனதுதானே" என்று ஜீவராணி பக்கத்தில் உட்கார்ந்து சொன்னார்.

"ஆமா" என்றார் தயாபரன்.

இப்போதும் அவர் சைக்கிள் ஓடுகிறார். மாதத்தில் ஒரு தடவை வெல்லவாயவிலிருந்து ஏறுகிறார். முகநூலில் போடுவதில்லை. சந்திக்கு வந்ததும் தரிப்பிடத்தில் உட்கார்ந்து தண்ணீர் குடிப்பார். கொண்டக்டர்மார் அந்த இடத்தை 'தயா ஹோல்ட்' என்று கூவுகிறார்கள். போன முறை, பஸ்ஸுக்குக் காத்திருந்த ஒரு பெண் தள்ளி உட்கார்ந்து அவருக்கு இடம் கொடுத்தார்.

"உக்காருங்க. புண்ணியவான், செத்தும் நமக்கு நெழல் குடுத்துட்டுப் போயிருக்காரு."

தயாபரன் மறுக்கவில்லை. எங்கள் பக்கத்தில் பஸ் தரிப்பிடத்துக்குப் பேர் வைப்பது பெரும்பாலும் காலமானவர்களின் ஞாபகார்த்தமாகத்தான். தயா என்பவர் இறந்துவிட்டார் என்பதே அந்தப் பகுதியில் பொதுவான அபிப்பிராயம்.